கம்பு தூரம்

ஜமுனாமரத்தூர்,
12.11.1979

அன்புள்ள உங்களுக்கு,

பிலோமினாள் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் தயவால் நலமே. உங்கள் கண் எப்படி இருக்கிறது? இதைத் தம்பி மரியஜோசப் நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் ஒரு மரமும் விழுந்து பிள்ளைகளின் விடுதிக் கதவை அடைத்துக்கொண்டது. பயப்படாதீர்கள், யாருக்கும் காயமில்லை. பிள்ளைகள் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள். சின்னதுகள் மிதிபட்டிருக்கும். அப்போது அவர்களில் வாயே திறக்காத திரௌபதி, சிலம்ப வாத்தியாரைப் போலவே கத்தினாள்: "கம்பு தூரம் தள்ளி நில்லுங்க!"

"கம்பே இல்லியே, இன்னாத்த நீட்றது?" என்றது ஒரு வாண்டு.

"கைய நீட்டுடி, போதும்!"

கம்பைச் சுழற்றும் முன் அடுத்தவர்மேல் படாமல் விலகி நிற்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். அப்படியே விலகி, கால் ஊன்றி நின்றார்கள். "டீச்சர், நீங்களும் நில்லுங்க" என்றாள். நின்றேன். ஊரார் வந்து மரத்தை வெட்டினார்கள். பெண்பிள்ளைகளுக்கு எதற்குச் சிலம்பம் என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

கதவு திறந்துவிட்டது, பாதைதான் திறக்கவில்லை. நடந்து இறங்க என் முழங்கால் விடாது. எனக்காக வேலூர் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கலசப்பாக்கத்துக்கு நடந்தே இறங்கும் தங்கவேல் இந்தக் கடிதத்துக்காக என் வாசலில் காத்திருக்கிறார். அவரிடம் என் கம்பளிச் சட்டையும் உங்கள் துண்டு ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். துண்டைத் துவைக்க வேண்டாம்.

கண் கட்டு அவிழ்க்கும்போது எதிரில் நிற்பேன் என்று சொல்லியிருந்தேன். தம்பிதான் நிற்பான். அவனைச் சவரம் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள்
பிலோமினாள்