எண்ணும்போது பேசக்கூடாது

அன்பு மகள் பெய்ந்தாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை காலை லொம்வியாக் கடற்பறவைகள் கூடு கட்டக் கடலோரச் செங்குத்துப் பாறைக்குத் திரும்பிவிட்டன என்று அப்பா குதித்தார். வெளியே ஆலங்கட்டியும் காற்றும், ஆடுகளே கொட்டிலை விட்டு வரவில்லை. போக வேண்டாம் என்றேன், கேட்கிற ஆளா? கயிறாவது கட்டிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "கயிறு எதுக்குடி மார்யுன், நீ கால்ல உக்காந்தா போதாதா, உன்னைவிட கனமான கயிறு இந்தத் தீவுல இருக்கா?" என்றார். திருமணமானதிலிருந்து நடப்பதுதானே. அவர் பாறை விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே இருக்கும் பறவைகளை எண்ணுவார், நான் அவர் கால்மேல் உட்கார்ந்து கம்பளி பின்னுவேன். எண்ணி முடிக்கும்வரை நான் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து. உனக்கே தெரியும், சின்ன வயதில் தும்மியதற்கு எத்தனை திட்டு வாங்கினாய்.

முந்நூற்று எண்பது என்றபோது அவர் இடுப்பை ஒட்டிப் புல்தரை கோடாகப் பிளந்தது. பார்த்தேன் பெய்ந்தா, இந்தக் கண்ணால் பார்த்தேன். விரல் நுழையும் அளவு, பிறகு கை நுழையும் அளவு. நான் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்! நானூற்றுப் பன்னிரண்டில் பறவைகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின, "போச்சுடி, எல்லாம் போச்சு!" என்று கணக்குக்காகக் கத்தினார், அந்த நொடியே நெஞ்சுக்கடியில் இருந்த மண் கடலில் விழுந்தது. இடுப்புக்கு மேலே மனிதர் அந்தரத்தில். இரண்டு பூட்ஸையும் பிடித்து மல்லாந்து விழுந்தேன். ஒன்று கழன்று கையோடு வந்துவிட்டது. மற்றதும் கழன்றிருந்தால்? எப்படி இழுத்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

இப்போது ஊரெல்லாம் என்னைப் புகழ்கிறது. பக்கத்து வீட்டு சுன்லெய் ருபார்ப் கேக்கோடு வந்து, "உங்க பொம்பளை புலிதான் ஹானுஸ்" என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. முப்பத்திரண்டு பறவை எண்ணும் நேரம் சும்மா இருந்தவள் நான். இன்று காலை தாங்க முடியாமல் அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே, "பேசாம இருந்ததே நல்லதுடி. பேசியிருந்தா திட்டிட்டு அங்கேயே படுத்து ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் செய்திருப்பார். அது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் பாறைக்குப் போய்விடக்கூடாது என்று அவருடைய ஒரு பூட்ஸை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன், சொல்லிவிடாதே.

உலர்ந்த ஆட்டிறைச்சி அனுப்பியிருக்கிறேன். கடவுள் உங்கள் இருவரையும் கையில் வைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் செய். பறவைக் கணக்கை ஆரம்பிப்பார். எந்த எண்ணில் இருந்தாலும் சரி, குறுக்கே பேசு.

உன் அம்மா,
மார்யுன்