அண்ணன் மடியில் இருந்தவன்

கனமாரா, அயர்லாந்து
2 நவம்பர் 1908

பாஸ்டனில் இருக்கும் அன்பு அண்ணன் பார்ட்லிக்கு,

தம்பி கோல்மன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஊனா எழுதுகிறாள். ஊரில் எல்லாரும் சுகம். என்னைத்தான் பயம் பிடித்து ஆட்டுகிறது.

எழுபது வயதான ஏழை உழைப்பாளிக்கு அரசாங்கமே வாராவாரம் பென்ஷன் தரப்போகிறதாம். நானும் கேட்டேன். பிறந்ததற்கு நம்மிடம் ஏது காகிதம்? வயதை விசாரிக்க அதிகாரி வந்தார்.

"ஆயிரத்தெண்ணூத்தி முப்பத்தொம்பதுல பெருங்காத்து அடிச்ச ராத்திரி எங்கய்யா இருந்தே?"

"எங்கண்ணன் மடியிலங்க. கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. அண்ணன் என் காதைப் பொத்திக்கிட்டான்."

"இந்த ஊர்ல நரைச்ச தலை அத்தனையும் அன்னிக்கு யார் மடியிலயோதான் இருந்திருக்கு! பொய்யின்னு தெரிஞ்சா ஜெயில்தான், பெரியவரே."

ரோட்டுக்குக் கல்லுடைத்த கை இப்போது சுத்தியலைத் தூக்க மறுக்கிறது. பென்ஷன் இல்லையென்றால் ஏழை விடுதிதான். அங்கே நடந்து போனவர் யாரும் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை. பாதிரியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பெயரைத் தேடுகிறார். கிடைக்காவிட்டால் உங்கள் சாட்சிதான். உடனே எழுதுங்கள்.

தம்பி கோல்மன்

பாஸ்டன்
24 நவம்பர் 1908

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அன்றிரவு என் மடியில் கோல்மன் இருந்தான். அது நீ இல்லையடா. உனக்கு முன்னால் பிறந்தவன். அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். நாலு வருஷம் கழித்து நீ வந்தாய். போன பிள்ளையின் பெயரை வந்த பிள்ளைக்கு வைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. அம்மா அவனைப் பற்றிப் பேசவே விடமாட்டாள். பஞ்சத்தில் நீ பசித்து அழும்போதெல்லாம் அந்தக் காற்றுக் கதையைச் சொல்லித்தான் தூங்க வைப்பேன். மடியில் இருந்த கோல்மன் நீதான் என்று பிடித்துக்கொண்டாய்.

உனக்கு இன்னும் எழுபது ஆகவில்லை. பொய்ச் சாட்சி எழுத எனக்குக் கை வரவில்லை. புத்தகத்தில் பெயர் கிடைத்தால், அது அவன் பெயர்.

அண்ணன் பார்ட்லி

கனமாரா
15 ஜனவரி 1909

அண்ணா,

உங்கள் கடிதம் வருமுன்பே பாதிரியார் புத்தகத்தில் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். அதிகாரி என் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சிட்டேன் பெரியவரே" என்றார்.

ஊனா உங்கள் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டாள். "நான் எதையும் படிக்கல மாமா. ஏழை விடுதிக்குப் போறீங்களா, வாயை மூடிக்கிறீங்களா?"

மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் தபாலாபீஸில் பென்ஷன் வாங்க "கோல்மன்!" என்று கூப்பிடுகிறார்கள். நான் எழுவதற்கு முன் திரும்பிப் பார்க்கிறேன், வேறு எவனாவது எழுந்து வருகிறானா என்று.

இனி எனக்கு எழுதாதீர்கள். அமெரிக்கத் தபால் வேறு யார் கையிலாவது சிக்கினால் ஜெயில்தான். கீழே பெயர் போட வேண்டாம் என்று ஊனாவிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் தம்பி