தெரசம்மாள் தோட்டத்தில் அடித்த முளை

6 பிப்ரவரி 1980, புதன்

இஞ்சினியர் மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை. பசுவந்தனைப் பக்கம், தெரசம்மாளின் மிளகாய்த் தோட்டத்தில் இன்று மின்வாரிய இஞ்சினியரும் உதவியாளான நானும் மின்கோபுரத்துக்கு இடம் அளந்தோம். தனியாக விவசாயம் பார்க்கும் விதவை அவர்.

"இந்தக் கரண்டு எங்க போவுது சார்?" என்று கேட்டார்.

"தூத்துக்குடிக்கு. பின்னால கடலுக்கடியில கேபிள் போட்டு இலங்கைக்கும் குடுக்கலாம்னு பேசிக்கிறாங்க," என்றார் இஞ்சினியர் பெருமையாக.

"கடலைத் தாண்டுத கரண்டு என் கிணத்துக்கு வராதா? மோட்டாருக்கு மனு குடுத்து நாலு வருசமாச்சு. செடியெல்லாம் வாடுதே."

"அது வேற லைன்மா. சொன்னா உனக்குப் புரியாது."

வேறு லைன்தான். ஆனால் அந்த மனு இதே இஞ்சினியரின் மேஜையில்தான் கிடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

"ஏன் நிக்கிற? அடையாள முளையை அடி," என்று என்னை அதட்டினார். செடிகளுக்கு நடுவே அடித்தேன்.

தெரசம்மாள் கிணற்றில் இறைத்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இஞ்சினியர் மடமடவென்று குடித்தார். நான் என் பங்கை வாடிய செடி ஒன்றுக்கு ஊற்றினேன்.

"அதுக்கு அது பத்தாது அண்ணாச்சி. நீங்க குடிங்க," என்று மறுபடியும் செம்பை நீட்டினார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.