மிசாக்கிக் கடையில் நான் தொடாத சூப்

மில்லிக்கன், ரொறன்ரோ
நவம்பர் 24

அன்பு மகள் நிலாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் அப்பாவின் முழங்கால் கோபித்துக்கொள்ளும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், அப்பா ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைப்பார், ஆறு கிழமையாக இதுதானே நடக்கிறது. எனக்கும் களைத்துப்போச்சு பிள்ளை. இங்கே முதல் பனி கொட்டிவிட்டது, விடிய ஐந்தரைக்கு ஸ்டீல்ஸ் பஸ்ஸுக்கு நிற்கும்போது கால் விறைக்கிறது, நேர்சிங் ஹோமில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்களின் சாப்பாட்டு ட்றேயையும் நானும் கிளடிஸும்தான் தள்ளுகிறோம். பிக்கரிங்கில் அண்ணாவின் சின்னவளுக்குத் தடிமனும் இருமலும். வேறு புதினம் இல்லை.

ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். ஜப்பானிலிருந்து நாங்கள் திரும்பின அன்று விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்த பிறகு நீ கேட்ட கேள்வி. அதுவரை உன்னோடு வேலை செய்கிற பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்த றியோத்தாவைத்தான் கட்டப்போகிறேன் என்றாய், மிசாக்கியில் நாங்கள் போன அந்த மீன் கடை அவனுடைய தாய் தகப்பனின் கடை என்றாய், உங்களுக்குச் சம்மதமோ அம்மா என்றாய். நாங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய்விட்டோம். பதின்மூன்று மணித்தியாலம் பறந்தோம், அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சாப்பாடு வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம் மட்டும் வாய் திறந்தோம்.

உன்னில் எனக்கு இப்பவும் கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். பத்து நாள் ஊர் பார்க்க வந்த ஆட்கள் போலத்தானே எங்களைக் கொண்டு திரிந்தாய். கோயில், கோபுரம், மான், கடைசியில் ரூனா மீனுக்குப் பெயர்போன இடம், வாங்கோ என்று யொக்கோகாமாவிலிருந்து றெயினிலும் பஸ்ஸிலும் மிசாக்கிக்கு ஏற்றிக்கொண்டு போனாய். அப்பா அந்த வெள்ளைத் தொப்பியோடும் கழுத்தில் தொங்கின கமெராவோடும் வந்தார், நான் சப்பாத்துக்குள் இரண்டு காலுறை போட்டிருந்தேன். சம்மந்தி வீட்டுக்குப் போகிற கோலமா அது? சொல்லியிருந்தால் ஒரு சேலையாவது உடுத்தியிருப்பேனே! எட்டுக் கதிரை மட்டும் போட்ட கடை, எங்களைத் தவிர ஒரு குருவியும் இல்லை. சனமில்லாத கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், மீன் எத்தினை நாள் பழசோ என்று நான் தமிழில் சொல்ல நீ தலையைக் குனிந்தாய். அன்று வெள்ளிக்கிழமை, அவர்கள் கடை பூட்டுகிற நாள், எங்களுக்காக மட்டும் திறந்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. நினைக்க நினைக்க எனக்கு முகம் எரிகிறது.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரூனா என்றால் ரின்னில் அடைத்து வருவதுதான் என்று இருந்த மனிதர், கடைக்காரர் கத்தியை இழுத்து அந்தச் சிவப்புக் கட்டியைச் சீவச் சீவ வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். பச்சை மீனை எப்படித் தின்கிறது என்று ஹோட்டலில் முழுக்கப் புறுபுறுத்தவர் முதல் துண்டோடு அடங்கிவிட்டார். வயிற்றுப் பக்கத்து வெளிர்த் துண்டு வாயில் வைக்கவே கரைகிறது என்றார், தேசிக்காயும் பச்சைமிளகாயும் இருக்கோ என்று இங்கிலீஷில் கேட்டார், எங்களோடு வந்திருந்த றியோத்தா அதை ஒரு சிரிப்பும் இல்லாமல் மொழிபெயர்த்தான். ரின்மீன் குழம்பு வைக்கிற விதத்தை அந்தக் கடைக்காரருக்குக் கையால் காட்டி விளங்கப்படுத்தினார். அந்த மனிதரும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், பாவம்.

நான் சாப்பிடவில்லை. முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடாதவள், அதுவும் மீன் கடைக்குள் இருந்தேன். மீன் வெட்டின கையால் பிடித்த சோறு எனக்கு இறங்குமா? கடைக்காரரின் மனிசி கறுப்புக் கோப்பையில் மூடி போட்டு ஒரு சூப் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்து எனக்கு முன்னால் வைத்தா. இதில மீன் இல்லை அம்மா, குடியுங்கோ என்று நீ மூன்று தரம் சொன்னாய். கியோட்டோ ஹோட்டலிலும் அப்படித்தான் சொன்னார்கள், குடித்து முடித்த பிறகுதானே அதற்குள் மீன் தூள் கிடந்தது தெரிந்தது. அதனால் நான் வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி மூடியைக்கூடத் திறக்கவில்லை. அந்த மனிசி சுவரோரம் நின்று கோப்பையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தா. இவ ஏன் என்னையே பார்க்கிறா, காசு கொடுக்காமல் ஓடிவிடுவோம் என்ற பயமோ என்று நினைத்தேன். என் புத்தியைப் பார்.

போன ஞாயிறு வாகீசன் அண்ணா வந்து அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவனிடம் மட்டும் சொன்னாயாம், எனக்குச் சொல்லாதே என்றாயாம், அவன் வாய் எப்போது நின்றிருக்கிறது? அம்மா, அந்த மனிசன் உங்களுக்கெண்டு மீன் படாத புதுச் சட்டி வாங்கினவர், கடற்பாசியும் காளானும் மட்டும் போட்டு மூண்டு நாள் சமைச்சுப் பழகினவர், நீங்கள் மூடியையே திறக்கேல்லை என்றான். அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னான். கலியாணம் பேசப் போன வீட்டில் விருப்பமில்லாவிட்டால் எங்கள் ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள் என்று நீ எப்போதோ பகிடியாக றியோத்தாவுக்குச் சொல்லியிருக்கிறாய், அவன் அதைத் தாய்க்குச் சொல்லிவிட்டான். ஐயோ நிலாணி! நான் அந்த வீட்டில் கை நனைப்பேனா என்றுதான் அந்த மனிசி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா. நான் எனக்கே தெரியாமல் என் பிள்ளையின் கலியாணத்துக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். அம்மாவுக்கு விஷயமே தெரியாது, அது விரதம் கெட்டுவிடும் என்ற பயம் மட்டும்தான் என்று நீ பிறகு விளங்கப்படுத்தினாயாம். அப்போதும் அந்த மனிசி கேட்டது ஒன்றுதானாம், அவ்வளவு தூரம் அவ பசியோடயோ திரும்பிப் போனவ என்று.

அந்தச் சொல்லோடு நான் அடுத்த நாள் வேலைக்குப் போனேன். எங்கள் இரண்டாம் மாடியில் றொபேட் என்று ஒரு கிழவர், சூப்பைத் தொடவே மாட்டார், நான்தான் எனக்காக ஒரு கரண்டி என்று தினமும் கெஞ்சுவேன். திங்கட்கிழமையும் அப்படியே தள்ளிவிட்டார். நான் சமைத்த சூப்கூட இல்லை, பக்கெற்றில் வருவதைச் சூடாக்கிக் கொடுப்பதுதான், அதைத் தொட்டியில் ஊற்றவே எனக்கு மனம் வரவில்லை. மிசாக்கியில் அந்த மனிதர் மூன்று நாள் பழகிச் சமைத்ததை எப்படி ஊற்றியிருப்பார் என்று நினைத்தேன். அழுதுவிட்டேன், கிளடிஸ் என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தாள்.

எனக்குச் சந்தோஷம் என்று எழுதினால் அது பொய். ஒரு பிள்ளையாவது பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன், நீ இனி அங்கேதான். பேரப்பிள்ளைகள் வந்தால் என்னோடு என்ன பாஷையில் கதைக்கும்? அந்த மனிசியிடம் பேச எனக்கு ஒரு சொல் தெரியாது. நல்லது கெட்டது என்றால் உன்னிடம் வந்து சேர ஒரு முழு நாள் வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு போகிற போக்கில் எத்தனை தரம் வரமுடியும்? இதையெல்லாம் ஒவ்வொரு இரவும் நினைத்து நினைத்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் தங்கள் சமையலைத் தொடாமல் போனவளுக்குப் பசித்திருக்குமே என்று கவலைப்பட்ட மனிசி அவ. அந்த வீட்டில் என் பிள்ளை வாடிப்போக மாட்டாள். எனக்குச் சம்மதம் நிலாணி. ஆறு கிழமை உன்னைக் காக்கவைத்ததற்கு அம்மாவை மன்னித்துக்கொள்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நான் அண்டைக்கே அந்த வீட்டில எட்டுத் துண்டு சாப்பிட்டிட்டன், இனி என்னட்டை ஏன் கேக்கிறாய் என்றார். சொல்லிவிட்டு ரீவியை நிற்பாட்டினார்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் ஒற்றுமையாக இருக்க எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஆனி மாதம் பனியெல்லாம் போன பிறகு றியோத்தாவின் தாய் தகப்பன் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இங்கே வா, நான் சமைக்க வேண்டும். வருவதற்கு முன்னால் மறக்காமல் ஒன்று கேட்டு எழுது, அவர்களுக்கு எந்த நாளில் எது ஆகாது?

உன் அம்மா
ஜெயமலர்