வராத டிவிக்கு ஒதுக்கிய சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் நீ செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி இந்த வருஷம் டிவி கொண்டுவரப் போகிறது என்று உன் இணையப் பக்கத்தில் அடித்துச் சொன்னாய். அதை நம்பி உன் அத்தான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் டிவியை எதிர்ச் சலவைக்கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். டிவி வரவில்லை. ஊரே கேலி செய்கிறது என்று நீ பக்கத்தை மூடிவிட்டாய், ஃபோனை அணைத்துவிட்டாய், அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய். முதல் தப்பு யாருக்கும் நடக்கும். இரண்டாவதை நான் விடப்போவதில்லை.

மின்னஞ்சல் போட்டால் திறக்க மாட்டாய். அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்குவதற்காவது நீ கதவைத் திறந்தாகணும். உன் அறையை வாடகைக்கு விட்டவரிடம் பேசினேன். "விளக்கு எரியுதும்மா, ஆளைத்தான் வெளியில பாக்க முடியல" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று மதியம் நான் ஒரு வீட்டுத் திரைச்சீலையில் பூவெல்லாம் தலைகீழாக நிற்கும்படி தைத்துவிட்டேன். யாரிடமும் போய்க் கற்காமல் பழைய திரைகளைப் பிரித்துப் பார்த்தே இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். ஆரம்பித்த நாளில்கூட அப்படித் தைத்ததில்லை. அந்தப் பழியும் உன் மேல்தான்.

உன் அத்தானைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஆயுள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எதிரே பார்த்தே பழகியவர். காலையில் டீ ஆறிப்போவது தெரியாமல் உன் பக்கத்தைப் படிப்பார். செய்தித்தாளில் வந்தது பொய்யாக இருக்கலாம், மச்சான் எழுதியது பொய்யாகாது என்பது அவர் கட்சி. டிவி தயாரிக்கும் ஆலையிலிருந்து ஒரு பெரிய ஆளை அந்தக் கம்பெனி வேலைக்கு எடுத்திருக்கிறது என்று நீ எழுதினாய். உடனே இவர் கூடத்திலிருந்த அலமாரியைப் படுக்கையறைக்குத் தள்ளினார். பெரிய பெரிய கண்ணாடித் தகடுகளுக்கு அந்தக் கம்பெனி ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று எழுதினாய். என்னைக் கூப்பிட்டுச் சுவரை அளக்கச் சொன்னார். அளந்தேன். அளப்பது என் தொழில், அதனால் அளந்தேன். நம்பினேன் என்று அர்த்தமில்லை.

அப்போதே அவரிடம் சொன்னேன். ஒரு அம்மாள் என் கடைக்கு வந்து ஏழு ஜன்னலுக்குத் துணி பார்க்கிறாள், தடவிப் பார்க்கிறாள், விலை கேட்கிறாள். அதனால் அவள் வீட்டில் ஏழு ஜன்னல் இருக்கிறது என்று ஆகிவிடுமா? கண்ணாடி வாங்கினால் டிவிதான் செய்ய வேண்டுமா, அவர்கள் அலுவலகத்துக்குக் கதவு போடக் கூடாதா? அதற்கு உன் அத்தான், "நீ எப்பவும் பிரேக்கிலயே காலை வச்சிரு" என்றார். நான் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. எழுதாமல் விட்டால் நீ மறந்துவிடுவாய்.

'இருக்கும் டிவியை இப்போதே கைமாற்றிவிடுங்கள்' என்று நீ எழுதிய அன்று நான் ஒரு வீட்டில் திரை மாட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சுவரில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் சலவைக்கடை. அங்கே எங்கள் டிவி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. உன் அத்தான் ஜன்னலில் சாய்ந்தபடி, சத்தமில்லாமல் ஏதோ விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம டிவி அங்க இன்னும் நல்லாத் தெரியுது" என்று வேறு சொன்னார். மறுநாளே அந்த ஜன்னலுக்குக் கனத்த துணியில் ஒரு திரை தைத்து மாட்டினேன். என் வீட்டு டிவியை நான் எட்டிப் பார்த்து அனுபவிக்க மாட்டேன்.

பிறகு நடந்ததையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டிவி போனாலும் அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. சாயங்காலமானால் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கீழ்வீட்டு அக்கவுண்டன்ட் என்ன ஆச்சோ என்று விசாரிக்க வந்தார். அவருக்கு இவர் வரப்போகும் டிவியை விளக்க ஆரம்பித்தார். எவ்வளவு மெல்லியது, எங்கே விளக்கு எரியும், ரிமோட்டில் எத்தனை பொத்தான் என்று, நீ எழுதியதோடு தன் பங்கையும் சேர்த்துச் சொன்னார். அக்கவுண்டன்ட் எதையும் நம்பாத ஆள். சண்டை போடுவதற்கென்றே மறுநாளும் வந்தார். தெருக்கோடி மருந்துக்கடைக்காரியும் கடையை மூடிவிட்டு வர ஆரம்பித்தாள். அவள் உன் அத்தான் கட்சி. சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் டிவி என்றதும், "நம்ம பேச்சைக் கேக்கிறது வீட்டுல ஒண்ணாவது இருக்கட்டும்ணே" என்றாள்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சண்டை போட்டால் டிவி யார் பேச்சைக் கேட்கும் என்று ஒருநாள் அக்கவுண்டன்ட் மடக்கினார். உன் அத்தான் யோசிக்கவே இல்லை. "இந்த வீட்டுல யார் பேச்சு செல்லும்னு அதுக்கே தெரிஞ்சிடும்" என்றார். இன்னொரு நாள் எப்படிக் கட்டளை போடுவது என்று காட்டுவதற்காகச் சுவரைப் பார்த்து, "சத்தத்தைக் குறை" என்று அதட்டினார். பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்த நான் என்னவோ ஏதோ என்று தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். "சார், வேலை செய்யுது சார்!" என்று அக்கவுண்டன்ட் கத்தினார். நானும் சிரித்தேன். நடந்தது நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

டிவி இருந்த காலத்தில் இத்தனை பேர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் வேலையைக் கூடத்துக்கே கொண்டுவந்து, திரைச்சீலைக்கு வளையம் கோத்துக்கொண்டே கேட்பேன். நீ ஒரு வரி எழுதினால் போதும், எங்களுக்கு இரண்டு சாயங்காலம் ஓடும்.

கம்பெனி அறிவிக்கிற அன்று எல்லாரும் வந்துவிட்டார்கள். என் ஃபோனை நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மேடையில் ஒருவர் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். டிவியோடு சேர்த்தால் படம், பாட்டு, விளையாட்டு எல்லாம் வருமாம். மருந்துக்கடைக்காரி, "எதோட சேக்கணும்?" என்று கேட்டாள். அக்கவுண்டன்ட் அந்தச் சுவரையே பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் அத்தான் மட்டும் அசையவில்லை. "மச்சான் பக்கத்துல வந்துட்டான். அடுத்த தடவை பாருங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பேசினால் கேட்கும் என்றாய், அந்தப் பெட்டி கேட்கிறது. பொத்தான் குறையும் என்றாய், குறைந்திருக்கிறது. மாதத்தைக்கூடச் சரியாகச் சொன்னாய். திரை ஒன்றுதான் இல்லை. கம்பி, வளையம், தொங்கல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டுத் துணியை மட்டும் விட்டுவிட்டாய். பெரிய பிழைதான், நான் பூசி மெழுகப்போவதில்லை. ஆனால் அதற்காக யாராவது கடையை மூடுவார்களா?

நல்ல வேலையை விட்டுவிட்டு இதை எழுதப் போகிறேன் என்று நீ சொன்னபோது வேண்டாம் என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், நான் சொன்னது சரிதான். அப்போது நீ என் பேச்சைக் கேட்கவில்லை. அவ்வளவு பிடிவாதமாக எடுத்த காரியத்தை, முகம் தெரியாத யாரோ சிரித்தார்கள் என்று விட்டுவிட்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா சொல்லிக் கேட்காதவன் அவர்கள் சொல்லியா கேட்பது?

இங்கே உன் அத்தான் தினமும் காலையில் உன் பக்கத்தைத் திறக்கிறார். ஒன்றும் வருவதில்லை. நெட்வொர்க் சரியில்லை என்கிறார். அதே நெட்வொர்க்கில் மற்றதெல்லாம் வருகிறது. போன வாரம் அக்கவுண்டன்ட் வந்து, அடுத்து என்ன வரப்போகிறது என்று அவராகவே கேட்டார். "தெரியல சார், இப்பல்லாம் யாரும் சொல்றதில்ல" என்றார் இவர். அக்கவுண்டன்ட் சண்டை போடாமலே எழுந்து போய்விட்டார். நேற்று நான் கடையிலிருந்து வந்தபோது நான் மாட்டிய திரை விலகியிருந்தது, நாற்காலி சுவரை விட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

ஆகவே இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். நீ இந்தக் கடிதத்தை வாங்கிய கையோடு முகம் கழுவி, தெருவில் இறங்கி, ஒரு வேளையாவது வெளியில் சாப்பிட வேண்டும். பிறகு பக்கத்தைத் திறந்து, எங்கே பிசகியது என்று ஒளிக்காமல் எழுதிவிட்டு, அடுத்ததை எழுத வேண்டும். இருப்பதை விற்றுவிடு என்று மட்டும் இனி யாருக்கும் சொல்லக் கூடாது. உன் அத்தான் வேறு எதையும் என்னைக் கேட்காமல் வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. சொல்லிவிட்டேன், தலையை ஆட்டினார். அக்கவுண்டன்ட் உன் எதிரில் சிரிக்கக் கூடாது. அவரிடமும் சொல்லியாயிற்று, முயற்சி செய்கிறேன் என்றார். மருந்துக்கடைக்காரி நீ சரியாகத் தூங்குகிறாயா என்று கேட்டாள், அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு நீ இங்கே வர வேண்டும். படுக்கையறையிலிருக்கும் அலமாரியை நீயும் அத்தானும் நகர்த்தினால் உனக்குக் கட்டில் போட இடம் வரும்.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடையில் ஃபோனை எப்போதும் துணிக்கடியில் போட்டுவிடுவேன், இனி மெஷின் மேலேயே வைத்திருப்பேன். நீ கூப்பிட்டால் முதல் மணியில் எடுக்க மாட்டேன், எனக்குக் கோபம் இருக்கிறது. மூன்றாவது மணியில் எடுப்பேன். அதற்குள் வைத்துவிடாதே. நன்றாக இரு.

இப்படிக்கு,
கோபம் தீராத
உன் அக்கா