விசிலுக்கு முந்திய பாங்கு

மே 11, 2008, ஞாயிறு

பகலெல்லாம் வெயில். சாயங்காலம் மேகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பெய்யவில்லை.

மைதானத்தை ஒட்டிய எங்கள் மாடியில் இருந்தவர்கள்: நான், ஜைத்தூன் மதினி, மதினி மகள் நஸ்ரின், எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா, அக்காவின் கைக்குழந்தை. வேறு ஒருவரும் இல்லை. எழுதி வைப்பது நல்லது. நாளைக்குப் பத்துப் பேர் தாங்களும் இருந்ததாகச் சொல்வார்கள்.

கால்பந்து இறுதி ஆட்டம். பக்கத்துக்கு ஏழு பேர். கம்பம், தேவாரம். இரண்டிலும் பாதிக்கு மேல் சம்பளத்துக்கு வந்த கேரள ஆட்கள். எங்கள் கோல்கீப்பர் செல்வம் மட்டும் மயிலாடும்பாறை. அவரும் சம்பளத்துக்குத்தான், நாலு வருசமாக. அவர் நின்ற கோல், எங்கள் மாடிக்கு நேர் கீழே.

இந்த மைதானத்தில், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் ஆட்டம் நிற்கும். ரெஃப்ரி விசில் ஊதுவார், எந்த ஊர்க்காரரானாலும் எந்தச் சாமி கும்பிடுகிறவரானாலும் நிற்பார்கள். முடிந்ததும் மறுபடி ஆட்டம். எப்போதும் இப்படித்தான்.

ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிற நேரம். மாடிச் சுவரில் இருந்த என் பாங்குக் கடிகாரம் சத்தம் போட்டது. தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்தது. ஆட்ட மும்முரத்தில் அந்தித் தொழுகை மஃரிப் தவறக் கூடாதென்று நான்தான் மேலே கொண்டுபோனேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்ய நேரம் வேண்டுமென்று எப்போதும் கொஞ்சம் முந்தித்தான் வைத்திருப்பேன்.

செல்வம் கையைத் தொங்கவிட்டு நின்றார். தேவாரம் ஆள் அடித்தான். பந்து உருண்டு உள்ளே. கோல் விசில். அதற்குப் பிறகே பள்ளிவாசல் பாங்கு.

செல்வம் பந்தை எடுத்து ரெஃப்ரி நெஞ்சில் எறிந்தார். சிவப்பு அட்டை.

கீழே ஒரே கூச்சல். "ஏலே, எம்புட்டுக்குடா வித்த?"

மும்தாஜ் அக்கா: "பந்து நடந்து போகுது, அவரு வழி விட்டு நிக்கிறாரு. எம்புள்ள தவழ்ந்து போயிப் புடிச்சிருக்கும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கடிகாரம் நினைப்பே வரவில்லை. தொழுகையில் இரண்டாம் ரக்அத்தில்தான் வந்தது.

மே 12, திங்கள்

சிலிண்டர் வந்தது. உளுந்து ஊறப்போட மறந்துபோனேன்.

வீட்டுக்காரர் ஆட்டக் கமிட்டியில் இருக்கிறார். காலையில் கூடினார்களாம். செல்வத்துக்கு இரண்டு வருசத் தடை என்று பேச்சு. ஆட்டத்தை விற்றார் என்று காரணம். ஞாயிறு அசர் தொழுகைக்குப் பிறகு மறுபடி கூடி முடிவு. பிறகு கேரளக் கமிட்டிகளுக்கும் சொல்லி அனுப்புவார்கள். ஒரு கமிட்டி தடை போட்டால் மற்றவர்களும் எடுக்க மாட்டார்கள்.

சாப்பாடு போடும்போது, பள்ளிவாசலுக்கு முந்தி மாடிக் கடிகாரம் பாங்கு சொன்னதைச் சொன்னேன். கையில் சோற்றோடு என்னையே பார்த்தார்.

"நெசமாவா?"

"நான் வச்ச கடியாரம், எனக்குத் தெரியாதா."

"சரி, இருக்கட்டும். பாங்குக்கு நிக்கிறது நம்ம பழக்கம். விசில் வர்ற வரைக்கும் ஆடணும்கிறது சட்டம். விசில் வந்துச்சா?"

"வரல."

"அப்பக் கோல் கோல்தான்."

"கோல மாத்தச் சொல்லலங்க. வித்தான்னு சொல்றாகளே, அதைத்தான் கேக்குறேன்."

"அவனுக்கு ஏது பாங்கு, ஏது தொழுகைன்னு கேக்குறாக கமிட்டியில. நான் என்னத்தச் சொல்ல? எம்பொண்டாட்டி மாடியில கடியாரம் வச்சான்னா? அடுத்த வருசம் பொம்பளைக மாடியில ஏறக் கூடாதும்பாக. பரவாயில்லையா?"

வருசத்தில் ஆட்டம் நடக்கிற அந்தப் பத்து நாள்தான் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுக் கத்துவது.

மே 14, புதன்

வெங்காயம் அழுகல், பாதி கழிவு. கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

செல்வம் வந்தார். வாசலுக்கு உள்ளே வரவில்லை. வீட்டுக்காரர் எவ்வளவு கூப்பிட்டும் செருப்பைக் கழற்றாமல் படிக்கு வெளியே நின்றார். நான் கதவுக்குப் பின்னால்.

"அண்ணே, சிவப்பு அட்ட குடுத்தது சரிதான். ரெஃப்ரி மேல பந்த எறிஞ்சது தப்பு. ரெண்டு ஆட்டம் வெளிய வைங்க, நாலு கூட வைங்க. வித்தேன்னு மட்டும் எழுதாதீகண்ணே. நவம்பர்ல இருந்து மலையாளத்துக்காரங்க கூப்பிட்டிருக்காக. முழு சீசன். இது அங்கன போச்சுன்னா ஒரு பய எடுக்க மாட்டான். திரும்ப வெங்காயக் காடுதான்."

"ஏன்டா நின்ன?"

"பாங்கு கேட்டுச்சு."

"பாங்கு பெறகுல்ல சொன்னாக."

"எனக்கு முன்னாடியே கேட்டுச்சுண்ணே. நாலு வருசமா நிக்கிறேன், காது பழகிப்போச்சு. அதோட வாத்தியாரு விசில வாய்க்குக் கொண்டு போனாரு. ஊதப் போறாருன்னு நெனச்சேன்."

வாத்தியார் என்பது ரெஃப்ரி. தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்: "தம்பி, நீங்க கேட்டது எங்க வீட்டுக் கடியாரம்."

மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அல்லா பேர்ல வந்ததுதானக்கா, எதுல வந்தா என்ன" என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

டீ போட்டுக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

மே 15, வியாழன்

நோன்பு வைத்தேன். தலைவலி.

விசில். வாத்தியார் விசிலை வாய்க்குக் கொண்டு போனாரா? அப்படியென்றால் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவருக்கும் விழுந்தது என்றால் செல்வம் விற்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

நஸ்ரினைக் கேட்டேன். "ஆமா மாமி! விசில வாயில வச்சிட்டு நம்ம மாடியப் பாத்தாரு. அப்புறம் பள்ளிவாசல் பக்கம் பாத்தாரு. எறக்கிட்டாரு."

ஜைத்தூன் மதினி: "ஒண்ணும் பாக்கல. நீ அந்த ஒம்பதாம் நம்பர் மலையாளத்தானயில்ல பாத்துக்கிட்டு இருந்த."

"யம்மா!"

"மீச கூட மொளைக்கல அவனுக்கு."

மும்தாஜ் அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஆக, மூவரில் ஒருத்தி பார்த்தாள், ஒருத்தி இல்லை என்கிறாள், ஒருத்திக்குத் தெரியாது. நான்?

கண்ணை மூடிப் பார்த்தேன். திங்கட்கிழமை நினைத்தபோது பந்து மட்டும்தான் தெரிந்தது, செல்வத்தின் தொங்கிய கை. இன்றைக்கு நினைத்தால் வாத்தியாரும் தெரிகிறார். விசில் வாயில். நிமிர்ந்து எங்களைப் பார்க்கிறார். சட்டை நிறம்கூடத் தெரிகிறது. இது நான் பார்த்ததா, செல்வமும் நஸ்ரினும் சொல்லிச் சொல்லி வந்ததா?

மே 16, வெள்ளி

லேசான தூறல். காயப்போட்ட மிளகாயை அள்ளினேன்.

கடிகாரப் பாங்கைப் பற்றிக் கேட்டுவரச் சொல்லியிருந்தேன்; ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் பள்ளிவாசல் ஹஜ்ரத் என்ன சொன்னார் என்று கேட்டேன். மிஷின் பாங்குக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, அது பாங்குக் கணக்கில் சேராது என்றாராம். அப்படியானால் செல்வம் நின்றது பாங்குக்கே இல்லை. ஆனால் நின்றவர் பாங்கு என்று நினைத்துத்தானே நின்றார். நிய்யத்துத்தானே, மனசில் வைக்கிற எண்ணம்தானே முக்கியம் என்று சிறு வயதிலிருந்து படிக்கிறோம். அது கோல்கீப்பருக்குப் பொருந்துமா? யாரிடம் கேட்பது?

இன்னொன்றும் குழப்பம். பந்தை எறிந்தது ஒரு குற்றம், அதற்கு அட்டை, சரி. கோல் விட்டது வேறு. இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டு இரண்டு வருசம் என்று அடியில் எழுதுகிறார்கள். எந்தக் கணக்கில் இப்படிச் செய்வார்கள்?

வீட்டுக்காரரிடம் விசிலைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ பாத்தியா?"

கையிலிருந்த துணியை மடித்தேன்.

"அல்லா மேல ஆணையா பாத்தேன்னு சொல்லு. ஞாயித்துக்கெழம கமிட்டியில நானே எந்திரிச்சுப் பேசுறேன். பொம்பளைக மாடி போனாப் போகட்டும்."

எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனியில் நின்றது. வரவில்லை.

"தெரியலங்க."

"ஒரு சின்னப் புள்ள சொன்னத வச்சு நான் என்னத்தப் பேச?" கோபமில்லை. அலுப்பு. விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்தார்.

ஆணை இட்டிருக்கலாமா? செல்வத்துக்கு நல்லதுதானே. பொய்யாக இருந்தால்? உண்மையாக இருந்து நான் சொல்லாமல் விட்டிருந்தால், அதுவும் சாட்சியை மறைத்தது ஆகாதா? எந்தப் பக்கம் போனாலும் பயமாக இருக்கிறது. துஆச் செய்யும்போதும் என்ன கேட்பதென்று தெரியாமல் கையை ஏந்தியபடியே இருந்தேன்.

மே 17, சனி

நாளைக் கூட்டம்.

காலையில் பருப்பு தீய்ந்தது. வீட்டுக்காரர் அப்படியே சாப்பிட்டார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஆட்ட நோட்டீஸை எடுத்து மேஜையில் வைத்தார். அடியில் வாத்தியார் வீட்டு நம்பர். "நான் கேட்டா கமிட்டி கேட்ட மாதிரி ஆயிரும்" என்றார். அவ்வளவுதான்.

வாத்தியாருக்குத்தான் தெரியும். கேட்டாரா, இல்லையா, ஊதப் போனாரா. தெரிந்தே சும்மா இருக்கிறாரா, யாரும் கேட்கவில்லை என்று இருக்கிறாரா, கோல் கொடுத்த பிறகு எப்படிச் சொல்வது என்று இருக்கிறாரா. நல்ல மனுசர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

லுஹர் தொழுதுவிட்டுப் போன் செய்தேன். வாத்தியார் மனைவி எடுத்தார்.

"அவுக குளிச்சிக்கிட்டு இருக்காக. ஆரு பேசுறது?"

கம்பம், மைதானத்துப் பக்கத்து மாடி வீடு என்றேன்.

"ஓ, அந்த வீடா!" என்று சிரித்தார். "அவுக வந்ததுல இருந்து சரியாச் சாப்பிடல. கேட்டா, கம்பத்துல ஒரு மாடி வீடுன்னாக. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. என்னம்மா விசயம்?"

எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தேன்.

"கோலப் பத்திக் கேக்கல. அட்டையப் பத்தியும் கேக்கல. கோலுக்கு முன்னாடி எங்க மாடியில ஒரு பாங்கு கேட்டுச்சு. அது சாருக்கும் கேட்டுச்சா, ஊத விசில எடுத்தாகளா? இது மட்டும்தான். இல்லைன்னா இல்லைன்னே சொல்லட்டும், வருத்தமில்ல. நாளைக்கு அசர் கழிச்சு அந்தக் கோல்கீப்பருக்கு முடிவு எழுதிருவாக. அதுக்கு முன்னாடி கொஞ்சம் சீக்கிரமாப் பதில் சொல்லச் சொல்லுங்கம்மா."