தம்பி பக்கம் இழுக்கும் வண்டி

மார்ச் 3, செவ்வாய்

தம்பி இன்றும் வாசலைத் தாண்டவில்லை. கால் முறிந்து ஏழு மாதம். எலும்பு கூடிவிட்டது, முழங்கால்தான் முழுசாக மடங்க மாட்டேன் என்கிறது. கைத்தடியை ஊன்றிப் பத்தடி நடப்பான், அதற்குள் முகம் வெளுத்துவிடும். அவன் தையல் கடையோ மூன்று தெரு தள்ளி. கட்டடக்காரர் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். மே முதல் தேதி கடை திறக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம்.

சக்கர நாற்காலியில் உட்கார், நான் தள்ளுகிறேன் என்றேன்.

"என்னைத் தள்ளிக்கிட்டுதான் போகணும்னா கடையே வேண்டாம்க்கா."

முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்து எத்தனை பிடிவாதக்காரப் பிள்ளைகளை ஓட வைத்திருக்கிறேன்! வீட்டில் இருக்கிற ஒன்றுதான் நகர மாட்டேன் என்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

நூலகத்தில் ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. மனிதர்கள் தங்கள் உடம்பாலேயே ஓட்டிய பழைய வண்டிகள். என்னென்ன கூத்து! ஒரே பெரிய சக்கரத்துக்குள் உட்கார்ந்து மிதிக்கிற ஆள். நடக்க முடியாத கடிகாரக்காரர் ஒருவர் கையால் சுற்றி ஓட்டிய மூன்று சக்கர வண்டி. எஜமான் முன்னால் சாய்ந்திருக்க, வேலைக்காரன் பின்னால் நின்று மிதிக்கிற வண்டி.

தம்பி கடிகாரக்காரரை ரொம்ப நேரம் பார்த்தான். கை காய்த்துப் போனால் ஊசி பிடிப்பது எப்படி என்று பக்கத்தைப் புரட்டினான். வேலைக்காரன் மேல் விரலை வைத்து, "இது நீயா?" என்றான். ஏழு மாதத்தில் அவன் செய்த முதல் கிண்டல். எனக்குக் கோபமே வரவில்லை.

கடைசியாக ஒரு படத்தில் நின்றான். இரண்டு பேர் அருகருகே உட்காரும் வண்டி. ஆளுக்கொரு பின்சக்கரம். வட்டமாகச் சுற்றுகிற பெடல் இல்லை. தையல் மிஷினில் இருப்பதுபோல் மேலும் கீழும் போகிற மிதிகட்டை. முழங்கால் கொஞ்சம் மடங்கினால் போதும்.

"இதுல யாரும் யாரையும் தள்ளல."

செய்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 19, வியாழன்

வெல்டர் படத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு ஸ்கூட்டர் வாங்குங்கள் டீச்சர் என்றார். என்னிடம் படித்தவர். ஒரு பார்வை பார்த்தேன். டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வெட்கக்கேடு. வெல்டரின் வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு பள்ளி மைதானம் போனோம். தம்பி இடப்பக்கம், நான் வலப்பக்கம். நாலு மிதி மிதித்ததும் வண்டி அவன் பக்கமாகத் திரும்பி, வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி. மறுபடி. பதினோரு வட்டம். பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தால் முன்சக்கரம் தேய்கிறதே ஒழிய நேராகப் போவதில்லை.

மிதி எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் திரும்பும், வண்டியில் கோளாறு இல்லை என்றார் வெல்டர்.

ஏப்ரல் 13, திங்கள்

அவன் காலுக்குப் பயிற்சி. காலையில் இருபது முறை, மாலையில் இருபது. பழைய விசிலைத் தேடி எடுத்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

விசிலைக் காணோம். வேறு யார் எடுத்திருப்பார்கள்?

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றும் வட்டம்தான். இன்னும் ஒரே வாரம்தானே இருக்கிறது — பொறுக்க முடியாமல், அழுத்து, இன்னும் அழுத்து என்று கத்திவிட்டேன். மிதிப்பதையே நிறுத்திவிட்டான்.

"நான் அழுத்துறேன்க்கா. நீதான் என்னை விட்டுட்டு ஓடுற. சின்ன வயசுலயும் அப்படித்தான். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கியா?"

சுருக்கென்றது. பத்து நாளாக அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேனே, என் காலைப் பார்த்தேனா? அவன் அழுத்தம் கூட்டும்போதெல்லாம் நானும் கூட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒருத்தர் வேகமெடுத்தால் என் கால் சும்மா இருக்காது. எல்லாம் பழக்கதோஷம். பாவி, அவனை எப்படித் திணறடித்திருக்கிறேன். மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, நீ சொல், நான் மிதிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அவன் துணிக்கணக்கில் சொல்கிறான். "திரைச்சீலை" என்றால் நீளத் தையல், ஒரே சீராக மிதிக்க வேண்டும். "காலர்" என்றால் திருப்பம், மெதுவாக, பார்த்துப் பார்த்து. நான் பாதி அழுத்தினால் போதும். பாதி அழுத்துவதுதான் எவ்வளவு கஷ்டம்! தொடை நடுங்குகிறது. ஆனால் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராகப் போனோம்.

மே 1, வெள்ளி

மூன்று தெருவுக்கு நாற்பது நிமிடம். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்து, சலித்துப்போய்த் திரும்பிவிட்டது. கட்டடக்காரர் ஷட்டருக்கு முன்னால் புது ஆளோடு நின்றிருந்தார். "காலர்... காலர்..." என்று முணுமுணுத்துக்கொண்டே தம்பி திருப்பத்தைக் கடந்தான். இறங்கினான், சாவியை எடுத்தான், திறந்தான். புது ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

ஜூன் 19, வெள்ளி

இன்று மளிகைக் கடையைத் தாண்டியதும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. என் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கி அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது. ஏறி மிதித்தேன், அதே பாதி அழுத்தம்தான். மறுபடியும் என் பக்கம்.

தம்பி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து என் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினான்.

"அழுத்துங்க டீச்சர்."